செலின் அக்கா கேட்ட பை

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். செலின் அக்கா இறந்த செய்தியை நான் வடை சுற்றி வந்த காகிதத்தில்தான் படித்தேன். சுங்கை பட்டாணி பஸ் நிலையத்தில் இரண்டு பருப்பு வடை வாங்கினேன். ஒன்றைத் தின்று, காகிதத்தின் கீழ் ஓரத்தைக் கிழித்துக் கை துடைத்துப் போட்ட பிறகுதான் எண்ணெய்க் கறைக்கு நடுவில் அந்த முகம் தெரிந்தது. நான்கு நாள் பழைய பேப்பர். கோலா கெத்திலில் அடக்கமும் முடிந்திருந்தது. இதைவிடப் பெரிய வெட்கக்கேடு, இரண்டாவது வடையையும் தின்றுவிட்டேன்.

படத்துக்குக் கீழே மூன்றே வரிகள். ‘மதிக்கப்பட்டவர். நேசிக்கப்பட்டவர். என்றும் நினைக்கப்படுவார்.’ அதோடு சரி. எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. மதிக்கப்பட்டவராம்! யாரால்? செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவரைத் தெரிந்த உங்களைத்தான் கேட்கிறேன். தொழிலாளர் லயத்துக் குழாயடியில் அவரைக் கண்டதும், “இங்கிலீஷ்காரி வருது, வழி விடுங்கடி” என்று சிரித்தவர்களாலா? மாதா கோயிலில் அவர் உட்கார்ந்த பெஞ்சை விட்டு அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்தவர்களாலா? ஆபீஸில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கணக்கெழுதிய கிராணியாலா? அந்தக் கிராணி நான்தான். அதனால் கொஞ்சம் உரிமையோடு திட்டுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு முப்பது வயது. பள்ளி இறுதித் தேர்வில் மூன்றாம் தரத்தில் தேறியவன் நான். அந்த மூன்றாம் தரமே தோட்டத்தில் என்னைப் பேரறிஞனாக்கியிருந்தது. ஊர்ப்பக்கம் புதிய ஃபேக்டரிகள் வரத் தொடங்கிய நேரம். வேலைக்கு மனுப் போட இங்கிலீஷ் வேண்டும் என்று பேச்சு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் பின்கூடத்தில் வகுப்பு எடுக்கிறேன் என்று நானே போய்ச் சொன்னேன். சேவை மனப்பான்மை என்று நினைத்துவிடாதீர்கள். பெஞ்சில் உட்கார்ந்து யாராவது என்னை அண்ணாந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை.

என்னிடம் இருந்தது அட்டை போன ஒரே ஒரு புத்தகம். உலகத்தை மாற்றிய கண்டுபிடிப்புகளைப் படம் போட்டு இங்கிலீஷ் சொல்லித்தரும் புத்தகம். டெலிபோன், பல்பு, தையல் மெஷின், நீராவி எஞ்சின். படத்துக்குப் பக்கத்தில் அன்றாடச் சொற்கள்: வயர், வீல், ஸ்க்ரூ, கவர். கீழே இலக்கணம். எல்லாமே செயப்பாட்டு வினை. ‘தி டெலிபோன் வாஸ் இன்வென்டட் பை’ என்று தொடங்கி ஒருவர் பெயரோடு முடியும்.

செலின் அக்கா அப்போது ஸ்டோரில், ரப்பர் பாலை ஷீட்டாக அழுத்தும் ரோலர் மெஷினில் வேலை. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். முதல் ஞாயிறே கையைத் தூக்கி, “தம்பி, எல்லாரும் எதுக்குப் பை வச்சிருக்காங்க?” என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. கரும்பலகையில் இருந்த ‘பை’யைக் காட்டினார். கையில் தூக்குகிற பை என்றே நினைத்திருக்கிறார். வகுப்பே சிரித்தது. நான்தான் அதிகம் சிரித்தேன். அது நம் ‘ஆல்’, செய்தது யாரால் என்று சொல்வது என விளக்கிய பிறகும் அவர் அந்தப் பையை விடவில்லை. “அப்படின்னா சரிதான் தம்பி. வேல நடந்திருக்கு, செஞ்ச ஆளு பைக்குள்ள இருக்கான். அவிழ்த்துப் பாத்தாதான் தெரியும்” என்றார். என் புத்தகத்தில்கூட இவ்வளவு தெளிவாக இல்லை.

பிறகு வகுப்பு என் கையில் இல்லை. எதற்கெடுத்தாலும் பை கேட்டார். பால் வெட்டும் கத்தியைக் கண்டுபிடித்தது யார்? புத்தகத்தில் இல்லை அக்கா. வாளியை? அதுவும் இல்லை. “டெலிபோன்காரனுக்குப் பை இருக்கு, நம்ம கத்திக்காரனுக்குப் பை இல்லயாலா? சரி, கிராணியக் கண்டுபிடிச்சது யாரு?” என்றார். பக்கத்தில் இருந்த காளியம்மா சிரித்த சிரிப்பில் பிஸ்கட் தூள் மேசை முழுக்கப் பறந்தது. காளியம்மாவும் ரோலர் மெஷின்காரிதான், மதுரை வீரன் கோயில் குடும்பம். எங்கள் வகுப்புக்கு அவர் வந்தது பிஸ்கட்டுக்காக என்று நான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். அதுவும் என் வாய்க்கொழுப்பு.

அடுத்த வருடம் அந்த மெஷின் காளியம்மாவின் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது.

ரோலருக்கு மேல் ஓர் இரும்பு மூடி உண்டு. கை உள்ளே போகாமல் தடுக்கும். அது இருந்தால் கழுவ நேரமாகிறது என்று பெரிய துரை கழற்றச் சொன்னார். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கழற்றினார். அதற்கான திருப்புளியை ஆபீஸ் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தவன் அடியேன். இரண்டு வாரம் கழித்து விபத்து. அறிக்கையை இங்கிலீஷில் டைப் அடித்தவனும் அடியேன்தான். துரை சொல்லச் சொல்ல அடித்தேன். மூடி அகற்றப்பட்டிருந்தது. கை உள்ளே விடப்பட்டது. வேலை மீண்டும் தொடங்கப்பட்டது. ஒரு வரியிலும் ஆள் இல்லை. ஏதோ மூடி தானே சலித்துப்போய் இறங்கி நடந்துவிட்ட மாதிரி. இப்படியே போனால் கவனக்குறைவு காளியம்மாவுடையது என்று முடியும். வேலையும் போகும், லயத்து வீடும் போகும். அது எனக்குத் தெரியும். தெரிந்தே முற்றுப்புள்ளி வைத்தேன்.

விசாரணைக்கு வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ஆபீஸில் துரை, மண்டோர், கையில் கட்டோடு காளியம்மா, சாட்சிக்குச் செலின் அக்கா. நான் எழுந்து, நல்ல உச்சரிப்போடு, அறிக்கையைப் படித்தேன். முடித்ததும் செலின் அக்கா எழுந்தார்.

“பை எங்க, தம்பி?”

அதிகாரி என்னவென்று கேட்க, வாசலில் நின்ற பியூன் முந்திக்கொண்டு, “துவான், டியா மாவ் பெக்” என்று, அவருக்குப் பை வேண்டுமாம் என மலாயில் சொல்லி, வராந்தாவில் இருந்த அக்காவுடைய பிரம்புக் கூடையைத் தூக்கிவந்து நீட்டினார். துரை சிரித்தார். துரை சிரித்ததால் மண்டோர் சிரித்தார். நானும் சிரித்தேன். அக்கா கூடையை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு இங்கிலீஷில், “கவர் வாஸ் ரிமூவ்ட். பை ஹூ?” என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடியில் என் மனதில் ஓடியது ஒன்றுதான்: ‘ஹூ’ தவறு, ‘ஹூம்’ என்று வர வேண்டும்.

அதிகாரி என்னைப் பார்த்தார். துரையும் என்னைப் பார்த்தார். இரண்டும் ஒரே பார்வை இல்லை. நான் தொண்டையைச் செருமி, செயப்பாட்டு வினையில் ‘பை’ கட்டாயமில்லை சார், விட்டுவிட்டாலும் வாக்கியம் சரி என்றேன். அதிகாரியும் இங்கிலீஷ் பள்ளியில் படித்தவர். ஆமாம், இலக்கணப்படி சரி என்று தலையாட்டினார்.

அக்கா என்னிடம் மட்டும், மெதுவாகத் தமிழில் சொன்னார். “இலக்கணத்துக்குத் தப்பில்ல, சரி. காளிக்கு?”

நான் மின்விசிறியைப் பார்த்தேன். அதுவும் ஒரு கண்டுபிடிப்புதான். பக்கம் பதினெட்டு.

கவனக்குறைவு என்று முடிந்தது. அந்த மாதமே காளியம்மா குடும்பம் லயத்தைக் காலி செய்து, ஜித்ராவில் அண்ணன் வீட்டுக்குப் போனது. சாமான் ஏற்ற எத்தனை பேர் வந்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். வந்தது ஒருவர், அக்கா. துரைக்குத் தெரிந்துவிடும் என்று மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டோம். செலின் அக்காவை ரோலரிலிருந்து எடுத்துப் புல் வெட்டப் போட்டார்கள். பார்த்தீர்களா, ‘போடப்பட்டார்’ என்று எழுத வந்த கையை இழுத்துப் பிடித்துத்தான் இப்படி எழுதுகிறேன். அதற்கும் பை உண்டு: துரை சொன்னார், நான் வேலைப் பட்டியலில் பெயரை மாற்றி எழுதினேன். சாட்சிக்குப் போனதால் தோட்டத்துக்கே கெட்ட பெயர் என்று குழாயடியில் பேசியது நீங்கள்.

அடுத்த ஞாயிறு அவர் வகுப்புக்கு வந்தார். ஒருவரும் வர மாட்டார்கள் என்று நம்பித்தான் நான் போயிருந்தேன். சாக்பீஸை எடுத்து, ‘தி கவர் வாஸ் ரிமூவ்ட் பை’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு போட்டார். சாக்பீஸை என் முன்னால் வைத்தார். நான் அழிப்பானை எடுத்தேன். அதற்குப் பிறகு வகுப்பு இல்லை. நேரமில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் கோலா கெத்திலுக்குப் போகும்போது ஆபீஸ் ஜன்னல் வழியாக ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். “நீங்க சொல்லிக்குடுத்ததுதான் தம்பி, நீங்களே வச்சுக்குங்க” என்றார். கோபம் இல்லை. அதுதான் இன்றுவரை என்னால் தாங்க முடியாதது. கடைசிப் பக்கத்தில் அதே வாக்கியம், அதே கோடு.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த நோட்டுப் புத்தகம் மட்டும்தான். இன்று காலை பேனாவை எடுத்துக் கோட்டை நிரப்பினேன்: துரை, மண்டோர், நான். துரையும் மண்டோரும் செத்துப் பல வருடமாகிறது. என் வீரத்தின் அளவை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இதை இங்கே முடித்திருப்பேன். ஆனால் ஆள் பெயர் இல்லாமல் மூன்று வரி அஞ்சலி போட்ட கோழை யார் என்று கண்டுபிடித்துக் கிழிக்காமல் விடுவதில்லை என்று, அந்த நாள் பேப்பரைத் தேடி ஏஜெண்டு கடைக்குப் போனேன். முழுத்தாள் கிடைத்தது. நான் வடை தின்று கை துடைத்துப் போட்ட கீழ் ஓரத்தில், மூன்று வரிக்கும் அடியில், நான்காவதாக ஒரு வரி இருந்தது.

‘காளியம்மாவால். ஜித்ரா.’