எத்தனை பேருக்கு அரிசி

பொங்கல் கழிந்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை, வெயில் வாசலுக்கு வந்த பிறகு, எங்கள் வீட்டில் வருசக் கணக்குப் போடுவோம். வெயில் வருவதற்கு முன்னால் அந்தப் பேச்சை எடுக்க முடியாது. புல்மேல் உறைபனி உப்பைக் கொட்டியது போலக் கிடக்கும். தேங்காய் எண்ணெய் பாட்டிலை அடுப்போரம் வைத்தால்தான் இளகும். அந்தக் குளிரில் பணத்தைப் பற்றிப் பேசினால் சண்டைதான் வரும்.

கீழே கோயம்புத்தூரில் இருக்கும் என் அக்காவுக்கு இது வேடிக்கை. மாதச் சம்பளக்காரர்கள் மாதா மாதம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே என்பாள். குன்னூருக்கு மேலே, பஸ்ஸை விட்டு இறங்கித் தேயிலைக்குள் நடந்து வர வேண்டிய எங்கள் ஊரில் அது சரிப்பட்டு வராது. என் கணவர் தேயிலை பேக்டரியில் பச்சை இலை எடை போடுகிறவர். பனியில் கொழுந்து கருகிவிட்டால் இலை வராது, இலை வராவிட்டால் பேக்டரி வாரத்தில் பாதி நாள்தான் ஓடும், சம்பளமும் பாதியாகிவிடும். மழை பெய்து இலை குவியும்போது ஓவர்டைம் உண்டு. பணம் எங்களுக்கு மாதா மாதம் வருவதில்லை, மழையைப் பார்த்து வரும். நான் வீட்டில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். அதுவும் கல்யாண மாதங்களில்தான்.

செலவும் அப்படித்தான். இட்லிக்கு ரேஷன் அரிசி இருக்கிறது. சோற்றுக்கான அரிசி, புளி, மிளகாய் எல்லாம் காரமடையில் ஒரு வியாபாரியிடம் வருசத்துக்கும் சேர்த்து வாங்குவோம். கேரட்டும் கோசும் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிற லாரி திரும்பும்போது காலியாகத்தான் வரும். டிரைவர் கையில் ஏதோ கொடுத்தால் மூட்டைகளைப் பஸ் நிறுத்தத்தில் இறக்கிப் போட்டுவிடுவார். இதை மாசிக்குள் முடித்தாக வேண்டும். சீகை மரத்து விறகும் பங்குனிக்குள் வந்து அடுக்கிவிட வேண்டும். மழை பிடித்துவிட்டால் மலைப்பாதையில் மண் சரியும், விறகு காயாது, மேலே கடையில் கேட்ட விலைதான். அதனால் ஐப்பசியில் யார் என்ன சாப்பிடப்போகிறோம் என்பதைத் தையிலேயே முடிவு செய்துவிட வேண்டிய வீடு எங்களுடையது.

இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தவர் மாமா, என் கணவரின் அப்பா. காரமடையிலிருந்து இளவயதில் மலையேறி வந்து பஸ் நிறுத்தத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். கடையை மூடிய பிறகும் கடைக்காரர் புத்தி போகவில்லை. கணக்கைத் தலையிலிருந்துதான் ஆரம்பிப்பார். "எத்தன தலை?" என்று கேட்பார், யாராவது பதில் சொல்ல வேண்டும், அதை வைத்துத்தான் அரிசி, அரிசியை வைத்துப் பருப்பு, கடைசியில் விறகு. வீட்டில் எத்தனை பேர் என்று அவருக்குத் தெரியாதா என்ன? இருந்தாலும் கேட்பார். என் மகள் பிறந்த வருசம் அவளை அரைத் தலை என்று சேர்த்தார். அவள் பள்ளிக்கூடம் போகும்வரை அரையாகவே இருந்தாள். வளர்ந்த பிறகு அதைச் சொல்லி அவரிடம் சண்டை பிடிப்பாள். அத்தை இறந்த வருசம் அவரே கேட்டு, அவரே "நாலு" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு பருப்புக்குப் போனார்.

போன வருசத்துக்கு முந்தின தீபாவளிக்குப் பிறகு மாமா படுத்தார். கால் வீங்கி, இரண்டு எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது. கோயம்புத்தூரில் காட்டினோம். இருதயம் ரொம்பத் தளர்ந்துவிட்டது, வரும் மழைக்காலத்தைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். தனியாக என்றால் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம். வீட்டுக்கு வரும் வழியில், மலைப்பாதையில் பர்லியார் தாண்டியதும் குளிர ஆரம்பித்தது. இவர் மாமாவுக்குச் சால்வையை இழுத்து மூடிவிட்டு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அந்தத் தையில் மாமாவின் கட்டிலை வெயில் படும் ஜன்னலோரம் நகர்த்திப் போட்டிருந்தோம். நாங்கள் வாசற்படியில் உட்கார்ந்தோம். மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். போனில் கூட்டிச் சொல்வது அவள் வேலை. என் கணவர் எடுத்தவுடனே விறகிலிருந்து ஆரம்பித்தார். பிறகு புளி என்றார். பிறகு சம்பந்தமே இல்லாமல் மண்ணெண்ணெய் இப்போது கிடைக்கிறதா என்று என்னைக் கேட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. அந்த ஒரு கேள்வியைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். எனக்கும் அதைத் தொடத் துணிவில்லை.

கடைசியில் ஜன்னலுக்குள்ளிருந்து மாமாவே கேட்டார்.

"எத்தன தலைன்னு சொல்லாம வெறகுக்கு எப்பிடிப் போன?"

நாங்கள் மூன்று பேரும் தலையைத் தூக்கவில்லை. கடையில் ஆளுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுக்கிற அதே குரலில் சொன்னார்.

"என்னைய ஆடி வரைக்கும் போடு சாமி, போதும். டாக்டர் சொன்னது எனக்கும் கேட்டுச்சு."

என் கணவர் கோபப்பட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. அன்றைக்கும் சத்தம் போடவில்லை. மகளைப் பார்த்து, "நாலு தலை. வருசம் பூரா," என்றார். அவள் போட்டாள்.

நாலு தலை என்று வாயால் சொல்லிவிடலாம். ஆனால் படுத்திருக்கும் ஒரு தலைக்கு ஆகும் செலவு வேறு. அரசு ஆஸ்பத்திரியில் கிடைக்கிற மாத்திரை போக மற்றதை வெளியே வாங்க வேண்டும். மாதம் ஒரு தடவை கார் வைத்துக் கீழே போக வேண்டும். டயப்பர், பால், தினமும் வெந்நீர், அதற்கு இரண்டு மடங்கு விறகு. நான் இந்த வீட்டில் கருமி என்று பெயர் எடுத்தவள், அந்தப் பெயருக்கு வருத்தப்பட்டதும் இல்லை. அன்றைக்கு என் வித்தையெல்லாம் காட்டினேன். கறியை மாதம் ஒன்றாக்கினேன். வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிப்பதைத் தள்ளினேன். என் அக்கா மகன் கல்யாணத்துக்கு எடுத்து வைத்திருந்த சீர்ப் பணத்தைப் பாதியாக்கினேன், அவள் பேசினால் பேசட்டும் என்று. எவ்வளவு இழுத்துப் பிடித்தும் பள்ளம் நிரம்பவில்லை. அதை நிரப்பும் அளவுக்குப் பெரிதாக ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது: மகளைக் கோயம்புத்தூரில் நர்சிங் சேர்க்க, ஹாஸ்டலோடு சேர்த்து நாங்கள் ஒதுக்கியிருந்த பணம்.

எங்களுக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிட்டது, கூட்டினவள் அவள்தானே. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். அழவும் இல்லை, கதவை அறையவும் இல்லை. அவளிடம் கேட்டா முடிவு செய்தோம்? எங்களைப் போன்ற வீடுகளில் பிள்ளைகளைக் கேட்கிற வழக்கம் இல்லை. அவள் உள்ளே போனதை மாமாவும் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருசம் ஊட்டியில் அரசுக் கல்லூரியில் தாவரவியல் சேர்ந்தாள். காலையில் இருட்டோடு கிளம்பி இரண்டு பஸ் மாறிப் போவாள். சில வாரங்கள் என்னோடும் அவள் அப்பாவோடும் ஆமாம், இல்லை என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. ஆனால் ராத்திரி மாத்திரையை அவள்தான் தாத்தாவுக்கு, அவள் வாயில் அப்பாருக்கு, கொடுத்தாள். கொடுக்கும்போதும் பேச்சு இருக்காது. வாயைத் திற, தண்ணீர் குடி, அவ்வளவுதான். கோபம் அவரிடமா, எங்களிடமா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

மாமா தன் சொந்த வீட்டில் விருந்தாளி ஆகிவிட்டார். எதைப் போட்டாலும் சாப்பிட்டார். உப்பு கூடினாலும் குறைந்தாலும் ஒரு சொல் வரவில்லை. ரெண்டாவது கரண்டி சோறு போடப் போனால் கையை வைத்து மறைப்பார். குளிக்கச் சொன்னால் குளிருகிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்பார். அது குளிர் இல்லை, விறகு மிச்சப்படுத்துகிறார் என்று எனக்குத் தெரியும். ஒருநாள் பொறுக்க முடியாமல், விறகு உங்களுக்காகச் சேர்த்து வாங்கினது மாமா, எரிக்காமல் விட்டால் கறையான்தான் தின்னும் என்று கத்திவிட்டேன். எழுந்து உட்கார்ந்து சட்டையைக் கழற்றினார். முதுகெலும்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. வெந்நீரைக் கை பொறுக்கும் சூட்டுக்கு விளாவி ஊற்றினேன்.

ஆடியில் மழை விடாமல் அடித்தது. ஒருநாள் மூச்சுத் திணறி, குன்னூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மகள் கல்லூரியிலிருந்து நேராக அங்கே வந்து, நனைந்த துணியோடு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். அவ்வளவுதான் என்று நினைத்தோம். நாலைந்து நாளில் தெளிந்து, கஞ்சி குடித்து, வீட்டுக்கு வந்துவிட்டார். ஆடி போயிற்று, ஆவணியும் போயிற்று. அவர் பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம், நிஜமான சந்தோஷம். கூடவே, அடுத்த வருசத்துக்கு என்ன செய்வோம் என்ற கவலையும் அதே வயிற்றில்தான் இருந்தது. ஒன்று இருந்தால் மற்றது இருக்கக்கூடாது என்று யாராவது சொன்னால், அவர்கள் வீடு நடத்தினவர்கள் இல்லை என்பேன்.

இந்தத் தையிலும் வாசற்படியில் உட்கார்ந்தோம். ஜன்னலோரம் கட்டில், அதில் அவர். இன்னும் இளைத்திருந்தார், ஆனால் இருந்தார். டாக்டர் இந்தத் தடவை மாதக் கணக்கெல்லாம் சொல்லவில்லை, பார்ப்போம் என்றார். இப்போது அரிசிக்குச் சொல்வது போனில்தான், அதுவும் மகளின் போனில். வியாபாரிக்கு எங்கள் முறை பழகிப்போனது. தலையைச் சொன்னால் மூட்டையை அவரே கணக்குப் பண்ணிவிடுவார். அவள் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தாள். மாமா அவளைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, நான் வேணும்னுட்டு இருக்கல."

உயிரோடு இருப்பதற்குப் பேத்தியிடம் மன்னிப்புக் கேட்கிறார் மனிதர். என் கணவர் எழுந்துபோய்ச் செடிப் பக்கம் நின்றுகொண்டார். மகள் திரும்பிப் பார்க்கவில்லை. போனைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, படியில் வைத்தாள். வியாபாரி குசலம் விசாரித்துவிட்டு, இந்த வருசம் எத்தனை பேருக்குங்க என்றார்.

"நாலு பேருக்குங்க. வருசம் பூரா," என்றாள்.

அதன்பின் அவள் ஜன்னலைப் பார்த்தாள். மாமாவும் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வியாபாரி அரிசியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார், போன வருசம் அனுப்பியதையே அனுப்பிவிடலாம் என்றார். அப்போது மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். குரல் உடைந்துதான் வந்தது, ஆனால் கடையில் பேசின அதே பழைய குரல்.

"அது வேண்டாம்னு சொல்லு. கொழகொழன்னு போயிருது, வருசம் பூரா எப்பிடித் தின்னேன்னு எனக்குத்தான் தெரியும்."

மகளின் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. எங்க அப்பாருக்கு அது ஆகலையாமுங்க, வேறு போடுங்க என்று வியாபாரியிடம் சொன்னாள். நல்ல ரகம் இருக்கிறது, ஆனால் மூட்டைக்கு விலை கூடும் என்று அவர் இழுத்தார். நான் என் வழக்கப்படி எவ்வளவு என்று கேட்க வாயெடுப்பதற்குள், கூடினால் கூடட்டும், அதையே அனுப்புங்க என்று அவள் சொல்லிவிட்டாள்.