பதினேழாம் கட்டிலின் நோட்டு

இசக்கிசெல்வி ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு வேலைக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. நாங்குநேரிப் பக்கத்துப் பெண். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு ஊரிலிருந்து ஆள் ஏற்றிக்கொண்டு வந்த வேனில் ஏறினாள். மறுநாள் காலை மண்ணூரில் ஒரு பெண்கள் விடுதி வாசலில் இறங்கினாள். வார்டன் கட்டில் எண்ணைச் சொன்னார். பதினேழு.

"அதுல இன்னொரு பொண்ணும் கீது. அது ஷிப்டுக்குப் போனதும் நீ படுத்துக்கோ. நீ போனா அது படுத்துக்கும்."

ஒரு கட்டில், இரண்டு பெண்கள். அந்த விடுதியில் அதுதான் வழக்கம். இவளுக்குப் பகல் ஷிப்ட் என்றால் அவளுக்கு இரவு. வாரம் மாறினால் தலைகீழ். ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து இருக்கலாம் என்று பார்த்தால் இருவரில் ஒருத்திக்கு ஓ.டி., கூடுதல் நேர வேலை, வந்துவிடும். அந்த இன்னொருத்தியின் பெயர் கனகலட்சுமி, சங்கரன்கோவில்காரி. கம்பெனி பஸ்ஸில் ஒருத்தி ஏறும்போது மற்றவள் இறங்குவாள். அந்த இரண்டு நிமிடம்தான் முகம் பார்ப்பது.

ஆனால் இசக்கிசெல்வி வந்து படுக்கும்போது மெத்தையில் கனகாவின் சூடு மிச்சமிருக்கும். தலையணையில் அவள் எண்ணெய் வாசம் இருக்கும். தலையணைக்கு அடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கும்.

அந்த நோட்டில்தான் அவர்கள் பேசிக்கொண்டார்கள். ஒரு பக்கம் இவள் எழுதினால் மறுபக்கம் அவள் எழுதுவாள். "சட்னி கெட்டுப்போச்சு, தின்னாத." "தபால்ல பி.ஏ. சேரப்போறேன், நீயும் சேருதியா?" "வீட்டுல மாப்பிள்ளை பாக்காவ. எனக்குப் பயமா இருக்குடி." ஒன்று தீர்ந்தால் இன்னொன்று வாங்கினார்கள். இரண்டு வருடத்தில் ஐந்து நோட்டு. உடன்பிறந்தவளிடம்கூட இசக்கிசெல்வி அவ்வளவு பேசியதில்லை!

அப்புறம் விடுதியில் எட்டு நாள் தண்ணீர் வரவில்லை. குளிக்கவும் வழியில்லை, மாதவிலக்கான பெண்களுக்குக் கழுவவும் வழியில்லை. காலையில் ஷிப்ட் முடிந்ததும் ரோட்டில் உட்காருவது என்று பெண்கள் முடிவு செய்தார்கள். அன்று இரவு ஷிப்டுக்குக் கிளம்புமுன் இசக்கிசெல்வி நோட்டில் எழுதினாள்: "ஷிப்ட் விட்டதும் நேரா ரோட்டுக்கு வந்துருவேன். நீ முன்னால போய் உக்காரு."

கனகா போய் உட்கார்ந்தாள். இவள் வரவில்லை; ஓ.டி.யில் நின்றுவிட்டாள்.

மதியம் இசக்கிசெல்வி விடுதிக்குத் திரும்பியபோது பதினேழாம் கட்டிலில் கனகாவின் போர்வை இல்லை. ரோட்டில் உட்கார்ந்து எழுதிய கோரிக்கை மனுவில் கையெழுத்துப் போட்டவர்களை எல்லாம் அப்போதே வேனில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நோட்டில் ஒரே வரி: "ஒனக்கு எடம் போட்டு வச்சிருந்தேன்டி."

கனகாவின் போன் அன்றோடு அணைந்தது. ஏழு வருடம். இசக்கிசெல்வி இப்போது லைன் லீடர், மண்ணூரில் தனி அறை, தனிக் கட்டில். அந்தக் கடைசி வரிக்குக் கீழே எத்தனையோ தடவை பதில் எழுதினாள். படிக்க வேண்டியவள்தான் இல்லை.

போன மாதம் ஜாஸ்மின் அந்த அறையைத் தேடி வந்தாள். சேரப்பணஞ்சேரிப் பெண். உழைக்கும் பெண்களின் கடிதம், டைரி, படிப்புச் சான்றிதழ், போராட்ட நோட்டீஸ் எல்லாவற்றையும் சேர்த்துப் பாதுகாக்கும் சென்னை ஆவணக் காப்பகம் ஒன்றில் வேலை செய்கிறாள். பழைய விடுதித் தோழி கவிப்பிரியா சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஐந்து நோட்டுகளையும் புரட்டிய ஜாஸ்மின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, நோட்டுகளைக் காப்பகத்துக்குத் தருவதற்கான சம்மதப் பாரத்தை நீட்டினாள்.

"அக்கா, எழுதுன ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். அதான் ரூல்ஸு. அவங்க எங்கன்னு தெரியலன்னா 'அடையாளம் தெரியாதவர்'னு போட்டுக்கலாம், இன்னா சொல்றீங்க?"

இசக்கிசெல்விக்குச் சுருக்கென்றது. "அவளயா அடையாளம் தெரியாதவன்னு எழுதச் சொல்லுத? அவ தல வாசன எனக்குத் தெரியும்ட்டி."

அடுத்த ஞாயிறு ஜாஸ்மின் மறுபடி வந்தாள். கையில் ஒரு நெகிழி உறை. உள்ளே அந்தக் கோரிக்கை மனுவின் அசல். நிர்வாகத்துக்குப் போனது ஜெராக்ஸ். அசலைக் கவிப்பிரியா ஒளித்துவைத்திருந்து காப்பகத்துக்குக் கொடுத்திருந்தாள். பெயர், ஊர், வீட்டு போன் நம்பர் என்று வரிசையாக எழுதியிருந்தது. நாற்பத்தொன்று, கனகலட்சுமி.

"நாப்பத்திரண்டப் பாருக்கா" என்றாள் ஜாஸ்மின்.

அந்த வரி பேனாவால் கிறுக்கி அழிக்கப்பட்டிருந்தது. ஜாஸ்மின் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கிறுக்கலுக்கு அடியில், கனகாவின் கையெழுத்தில், இசக்கிசெல்வி என்று இருந்தது.

வருவாள் என்று நம்பி எழுதியிருக்கிறாள். வரவில்லை என்றதும், பட்டியல் நிர்வாகத்தின் கைக்குப் போகுமுன், தன் கையாலேயே அடித்திருக்கிறாள். இசக்கிசெல்வியின் வேலை, இந்த அறை, தின்ற ஒவ்வொரு கவளம் சோறும் அந்தக் கிறுக்கலில் நின்றிருந்தது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"போன் போடுக்கா" என்று நம்பரைச் சொன்னாள் ஜாஸ்மின்.

இசக்கிசெல்வி போனை ஸ்பீக்கரில் போட்டாள். நான்காவது மணியில் எடுத்தார்கள். "யாரு?"

அது கனகாவின் குரல்தான் என்று இசக்கிசெல்விக்குத் தெரிந்துவிட்டது. "பதினேழு" என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு, பாதியில் உடைந்தது. "ஏட்டி… ஒனக்கு எந்த ஷிப்ட்டு?"

"கனகா, அன்னைக்கு ஓ.டி.க்கு என்ன யாரும் பிடிச்சு வைக்கல. சூப்பர்வைசர் யாரு இருக்கியன்னு கேட்டாரு. நான்தான் கை தூக்குனேன். பயந்துட்டேன்டி."

"தெரியும்லா. அதான் பேர அடிச்சேன். விடு, அழாத. அம்மா வீட்டுக்கு ரெண்டு நாளைக்கு வந்தேன், நல்ல நேரம் மாட்டிக்கிட்ட. ரெண்டு பிள்ளையப் பெத்துட்டேன். தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போறேன். நீ கல்யாணம் முடிச்சியா?"

"இல்ல."

"எனக்கு எழுத ஆளில்லாமப் போச்சுட்டி" என்றாள் கனகா.

இசக்கிசெல்வி நோட்டைப் பற்றியும் பாரத்தைப் பற்றியும் சொன்னாள். கனகா வெட்கப்பட்டாள், எதையெல்லாம் எழுதித்தொலைச்சோமோ என்றாள், கடைசியில் சம்மதித்தாள்.

"பாரத்த வாட்ஸ்அப்ல போடு. கையெழுத்துப் போட்டு இப்பமே அனுப்பிருதேன்."

ஜாஸ்மின் தலையாட்டினாள். அது செல்லும். போன் கேமராவைத் திறக்கச் சொல்லி ஜாடை காட்டினாள்.

இசக்கிசெல்வி பாரத்தை எடுத்து மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

"அது செல்லாதாம்ட்டி. நேர்ல வந்துதான் போடணுமாம்."

"அவ்வளவு தூரமா?"

"ஆமா."

"அப்ப பிள்ளையளுக்கு லீவு விடட்டும். வாரேன்" என்றாள் கனகா.

போனை வைத்ததும் ஜாஸ்மின் முறைத்தாள். "இன்னாக்கா, இப்டி புளுகுற? லீவுக்கு இன்னும் ரெண்டு மாசம் கீது. எங்க மேடம் என்னைக் கேப்பாங்க."

"கேக்கட்டும்" என்றாள் இசக்கிசெல்வி. "கையெழுத்து வந்துட்டா அவ எதுக்கு வருவா?"