மாமாவின் எருக்கஞ்செடி மனைவி

அரியலூரில் சுண்ணாம்புக்கல் சோதிக்கும் ஆய்வகத்தில் எனக்கு வேலை கிடைத்த வருடம், அம்மாவின் தம்பி ஓர் எருக்கஞ்செடிக்குத் தாலி கட்டினார். இரண்டு மனைவிகளையும் காய்ச்சலில் இழந்தவர். மூன்றாம் தாரம் தங்காது என்பார்கள். அதனால் மூன்றாம் இடத்தைச் செடிக்குக் கொடுத்துவிட்டு, செந்துறைப் பெண்ணை நான்காவதாகக் கட்டுவதாக ஏற்பாடு. கொல்லையில் மஞ்சள் கயிறு கட்டினார். அரை மணி நேரத்தில் அரிவாளால் வெட்டிவிட்டுத் தலைமுழுகியும் வந்துவிட்டார்.

பத்தாம் நாள் அடிக்கட்டையில் நான்கு தளிர்கள். மாமா கிள்ளினார், மண்ணெண்ணெய் ஊற்றினார். ஆறு வந்தன. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் பெண்ணின் அண்ணன் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"செடி செத்து தோஷத்தக் கொண்டுபோயிடும்னீங்க. இது கெட்டியா குந்திக்கிட்டு இருக்கு. அப்ப சாவு என் தங்கச்சிக்கா?"

மாமா என்னைக் காட்டினார். "புள்ள டெஸ்ட் பண்ற வேலையிலதான் இருக்கு. செத்துடுச்சுன்னு எழுதிக் குடுக்கும்."

"மாமா, நான் கல்லத்தான் டெஸ்ட் பண்றேன்."

"கல்லையே பண்றவளுக்குச் செடி என்ன?"

நோட்டை எடுத்தேன். ஒன்று, வேர் உயிரோடு இருக்கிறது. இரண்டு, தளிர்கள் அதே வேரிலிருந்து வந்தவை. மூன்று, கிள்ளினால் பால் வருகிறது. கண்ணில் பட்டால் ஆபத்து. நான்கு, இறந்ததற்கான அறிகுறி எதுவும் இல்லை. வாசித்து முடித்தபோது மாமாவின் முகம் தொங்கிவிட்டது. அண்ணன் கையெழுத்துக் கேட்டார். தேதியோடு போட்டு, தாளைக் கிழித்துக் கொடுத்தேன்.

மறுநாள் மத்தியானம் அந்தப் பெண்ணே அண்ணனை இழுத்துக்கொண்டு வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். வலது காலைத் தாங்கித் தாங்கி நேராகக் கொல்லைக்குப் போனாள்.

"மண்ணெண்ணெ ஊத்துனது யாரு?"

மாமா கையைத் தூக்கினார்.

"எனக்கு முட்டி வலிங்க. இந்த எலைய வாட்டிக் கட்டுனாத்தான் அடங்குது. எங்கூர்ல இதுக்கு ஏரிக்கரை வரைக்கும் நடக்கணும்."

"ஏ, தோஷம் இருக்குடி!" என்றார் அண்ணன்.

"வெட்டியாச்சு, கிள்ளியாச்சு, எண்ணெய் ஊத்தியாச்சு. சாவே தோத்துப்போன வூடுண்ணே இது. இங்கதான் நான் பத்தரமா இருப்பேன்."

குறித்த நாளில் கல்யாணம் நடந்தது.

மறுநாள் புது அத்தை தன் அண்ணனிடமிருந்து என் தாளைக் கேட்டு வாங்கி, ஐந்தாவதாக ஒன்று என்னை எழுதச் சொன்னாள்: காலையில் ஒரு குடம் தண்ணீர். எங்கள் வட்டாரத்தில் எருக்கஞ்செடிக்குத் தண்ணீர் ஊற்றிய மனிதர் மாமா ஒருவர்தான்.