ஊத்துக்குளி சாலையில் ஒரு பஞ்சுக் கிடங்கு

டீ குடிக்க இறங்கிய இடத்தில் ஒரு பழைய பஞ்சுக் கிடங்கை டேப் பிடித்து அளக்கிறார்கள். பழமையான கட்டடங்களைப் பாதுகாக்கும் அரசுக் குழுவாம். அவர்களை வரவழைத்தவர் உள்ளே பனியன் யூனிட் நடத்தும் சரசுவதி. அவருடைய தம்பி தள்ளி நின்று முறைக்கிறார்.

"இடிச்சுப்போட்டு ஷெட்டுப் போடோணும்னு தம்பி ஒத்தக்கால்ல நிக்கறானுங்க. பட்டியல்ல ஏறிட்டாத் தொட முடியாதுங்கல்ல?" என்கிறார் சரசுவதி என்னிடம்.

குழுவின் பொறியாளர் சுவரைத் தட்டிப் பார்க்கிறார். "நல்லா இருக்குதுங்க. சேர்க்கச் சொல்லி எழுதறேன். ஆனா முகப்பை மறைக்கிற போர்டைக் கழட்டோணும்."

"அப்பா வெச்சதுங்க. பரவால்லீங்க."

சரசுவதி சேலையைச் செருகிக்கொண்டு ஏறுகிறார். நான் ஏணியைப் பிடித்துக்கொள்கிறேன். போர்டு இறங்கியதும் சுதையில் செய்த காங்கேயம் காளை ஒன்று திமிலோடு எட்டிப் பார்க்கிறது.

"அட, எனக்கே தெரியாதுங்க!"

முதலில் போனை எடுத்துப் படம் பிடிப்பவர் தம்பிதான்.