கேட்காமல் போட்ட பாட்டு

தொண்ணூறுகளில் கோயம்புத்தூரில் ஒரு மைக் செட் கடையில் ஆபரேட்டராக இருந்தேன். கடையில் கேசட்டுகள் மூன்று பெட்டிகளில் இருக்கும்: சாமி, பாய், சர்ச். அதற்கு மேல் நாங்கள் பிரித்ததில்லை.

கலவரம் அடங்கியும் பயம் அடங்காத சமயம். உக்கடம் பக்கம் ஒரு தெருவில் முஸ்லிம்களின் கூட்டத்துக்கு செட் போடப் போனேன். "பாய் விசேஷம்ப்பா, ஆள் சேர்ற வரைக்கும் பாட்டு ஓடட்டும்" என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். ஹாரன் ஸ்பீக்கரைக் கம்பத்தில் கட்டிவிட்டு, பாய் பெட்டியில் கைக்கு வந்த கேசட்டைப் போட்டேன். நாகூர் தர்கா பாட்டு.

கூட்டம் நடத்துகிற தாடிக்காரர் ஒருவர் ஓடி வந்தார். "ஏனுங்க, மொதல்ல அத நிறுத்துங்க! தர்காவுக்குப் போறதே தப்புன்னு பேசத்தான் கூட்டம். நீங்க அந்தப் பாட்டையே போடறீங்க!"

நிறுத்தப் போனேன். எதிர் டீக்கடையிலிருந்து ஒரு பெரியவர் வந்து என் கையைப் பிடித்தார். அவர் தர்காவுக்குப் போகிறவர். "எதுக்கு நிறுத்தோணும்? ஓடட்டும் தம்பி. இன்னைக்குத்தான் இந்தத் தெருவுல நல்ல பாட்டுக் கேக்குது."

"வம்புக்கு வராதீங்க அத்தா" என்றார் தாடிக்காரர்.

"யாருடா வம்பு? உங்கப்பன நாகூருக்குக் கூட்டிட்டுப் போனதே நான்தான்!"

சிலர் சிரித்தார்கள், சிலர் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தார்கள். இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்தது. பாய் என்றால் எல்லாரும் ஒன்று என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அடி விழுந்தால் முதலில் வெளியாளான எனக்குத்தான் என்று பட்டது.

அப்போது முக்கில் போலீஸ் வேன் வந்து நின்றது. "பாய்ங்க கூடிட்டானுங்க! அடிச்சுக் கலைங்க!" என்று கத்திக்கொண்டே சப் இன்ஸ்பெக்டர் இறங்கினார். லத்திகள் ஓங்கின. சண்டை போட்ட இரண்டு பக்கமும் என் பின்னால் ஒதுங்கியது.

"நாங்க சொன்னா நம்ப மாட்டாங்க தம்பி. நீங்க சொல்லுங்க" என்றார் பெரியவர். தாடிக்காரரும், "சொல்லுங்கண்ணா" என்றார்.

முதலாளியிடமே நிமிர்ந்து பேசாதவன் நான். பாட்டை நிறுத்திவிட்டு மைக்கை எடுத்தேன். "சார், கலவரமெல்லாம் இல்லீங்க. நான்தான் பாட்ட மாத்திப் போட்டுப்போட்டேனுங்க."

"உன் பேரென்ன?"

"சுப்பிரமணிங்க."

"நம்ம பையனா? அப்பச் சரி."

லத்திகள் இறங்கின. கூட்டம் பாட்டில்லாமல் நடந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். நான் சொன்ன காரணத்தை சப் இன்ஸ்பெக்டர் காதில் வாங்கவே இல்லை. பேரை மட்டும்தான் கேட்டார். பெரியவரே அதைச் சொல்லியிருந்தால்?

இந்த வேலைக்கு வருகிறவர்கள், யார் விசேஷம் என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எந்தப் பாட்டு வேண்டும், எது கூடவே கூடாது என்றும் கேளுங்கள். சர்ச்சிலும் அப்படித்தான். மாதா பாட்டு ஒரு சர்ச்சுக்கு வேண்டும், அடுத்த சர்ச்சில் ஆகாது. கேட்டால் அவர்களே சொல்வார்கள். நாம் கேட்காமல் போடுகிற பாட்டுக்கு அடி வாங்கப்போவது நாமாக இருக்காது.