குன்றத்தூர் ரோட்டில் ஒரு விரல்

நியூசிலாந்துல பத்து நாள் கேம்பர் வேன் ஓட்டிட்டு முந்தாநாள்தான் தாம்பரம் வந்து சேர்ந்தோம்.

அங்க கிராமத்து ரோட்ல அரை மணிக்கு ஒரு வண்டிதான் எதிர்ல வரும். ஓட்டறவங்க ஸ்டியரிங்ல இருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்லிட்டுப் போவாங்க. முன்னபின்ன தெரியாதவங்க. போன் சிக்னல்கூட இல்லாத இடத்துல அந்த ஒரு விரல் எனக்கு அவ்வளவு தைரியமா இருந்தது.

இன்னைக்குக் காலைல குன்றத்தூர் ரோட்ல கார் ஓட்டிட்டுப் போறேன். ட்ராஃபிக் ஊர்ந்துட்டு இருந்தது. எதிர்ல பைக்ல வந்தவரைப் பார்த்து என் விரல் தானா எழுந்திருச்சு.

அவர் பதறிப்போய்க் குனிஞ்சு சைடு ஸ்டாண்டைப் பார்த்தார். அது மடங்கித்தான் இருந்தது.

என் ஜன்னல் பக்கம் வந்து பைக்கை நிறுத்தினார். "இன்னா மேடம், ஸ்டாண்டு எடுத்துதானே கீது?"

"ஒண்ணுமில்லைங்க. சும்மா ஒரு வணக்கம்."

என்னை ஒரு மாதிரியா பார்த்தார். விழுந்துடப் போறீங்கன்னு எச்சரிக்கறதைத் தவிர, ரோட்ல தெரியாதவங்களுக்கு நாம கை காட்டறதே இல்லைன்னு எனக்கு அப்பதான் உறைச்சது.

கிளம்பறப்போ சொன்னார், "உங்க துப்பட்டாதான் கதவுக்கு வெளிய தொங்கிகினு கீது, பாருங்க."

கதவைத் திறந்து அதை உள்ள இழுக்கறதுக்குள்ள போயிட்டார்.

பதில் வணக்கம்னே எடுத்துக்கிட்டேன். தப்பா?