கட்டைவிரல் பள்ளம்

கம்பெனி லீவில் மகளோடு பூண்டி ஏரிக்கரை மியூசியத்துக்குப் போயிருந்தேன். கண்ணாடிக்குள் இருந்த ஒரு கல்லைக் காட்டினாள். "இன்னாப்பா, இதுல கட்டவெரல் வெக்கப் பள்ளம் கீது?"

எனக்கு நண்டுக் குழம்பு வாசனை வந்தது. என் சின்ன வயதில் நடவுக்குப் போகும் அம்மா, கஞ்சி கொண்டுபோன தூக்கில் வயல் நண்டோடு திரும்புவாள். வாய்க்காலில் கிடைத்த செங்கபிலக் கல்லால் கொடுக்குகளைத் தட்டுவாள். அதிலும் இதே பள்ளம். அம்மாவின் விரல் பட்டுப் பட்டுத்தான் அது தேய்ந்தது என்று இன்றுவரை நம்பியிருந்தேன்.

ஆதிமனிதரின் கைக்கோடரி, பல லட்சம் ஆண்டுப் பழமையானது என்று கீழே எழுதியிருந்தது. அம்மாவுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன்.

"செஞ்சது பொம்பளையாதான் இருக்கும். அவ ஊட்லயும் புள்ளைங்க நண்டுக்குக் காத்துக்கினு இருந்திருக்கும்" என்றாள்.